‘யாரு முதல்ல அடிச்சது?’

ஒன்றாம் வகுப்பு. மணி பதினொன்றே முக்கால். சத்துணவு வாசனை சன்னல் வழியாக வரத் தொடங்கிவிட்டது. பாயின் ஓரத்திலிருந்து ஒரு அலறல்: “டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துட்டான்!” அடுத்த நொடியே இன்னொரு குரல்: “இல்ல டீச்சர், இவதான் முதல்ல கிள்ளுனா!” கையில் சாக்பீஸோடு திரும்பும் ஆசிரியரின் வாயில், யோசிக்கும் முன்பே வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. “யாரு முதல்ல அடிச்சது?”

சின்னப் பிள்ளைகளின் சண்டையில் நாம் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கேட்ட மாத்திரத்தில் வகுப்பறை கோர்ட்டாகிவிடும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு பேர், சாட்சிகள் முப்பது பேர், எதையும் கண்ணால் பார்க்காத நீதிபதி ஒருவர். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடந்ததை வரிசைப்படி சொல்ல வராது. தனக்கு வலித்ததுதான் நினைவில் நிற்கும். அதனால் இரண்டு பேருமே பொய் சொல்லாமல்தான் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். சாட்சிகள் தங்கள் சிநேகிதன் பக்கம் சாய்வார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: முதலில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், சத்தமாக அழ வேண்டும், முடிந்தால் கூட ஆள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பிரச்சினை அப்படியே இருக்கும். சாப்பாட்டு வரிசையில் மறுபடி கிளம்பும்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு போனது நல்லது. ஆனால் காலியான அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்று யாரும் ஆசிரியருக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் பல வகுப்புகளில் மிரட்டலும், முட்டி போட வைப்பதும், கிளாஸ் லீடரை விட்டுப் போர்டில் பேர் எழுத வைப்பதும் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. முட்டி போட வைப்பதும் அதே 17ஆம் பிரிவுக்குள்தான் வருகிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது. கையில் வேறு எதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் பதிவு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

எதையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் கணக்கு மட்டும் எடுங்கள். பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டால் போதும்: எப்போது, எங்கே, எதற்காக. ஒரு சண்டைக்கு ஒரு வரி. பேர் எழுத வேண்டாம். பேர் ஏறிவிட்டால் அது குற்றப் பதிவேடாகிவிடும், நம் கண்ணும் அந்தப் பிள்ளையையே தேட ஆரம்பித்துவிடும்.

ஐந்து நாளில் ஒரு வடிவம் தெரியும். சண்டைகள் நாள் முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. சாப்பாட்டுக்கு முந்தைய அரைமணி, குழாயடி, வரிசையில் நிற்கும் நேரம், விளையாடிவிட்டு வியர்வையோடு உள்ளே வரும் நேரம், கடைசிப் பீரியட். இந்த இடங்களில்தான் குவிந்திருக்கும். பொருள் என்று பார்த்தால் ரப்பர், சார்ப்னர், கலர் பென்சில், ஃபேனுக்கு அடியில் இருக்கும் இடம்.

இவற்றில் ஒரு பெரும் பங்கைப் பேசித் தீர்க்கவே வேண்டியதில்லை, ஏற்பாட்டாலேயே குறைத்துவிடலாம். சார்ப்னரைக் குழுவுக்கு ஒன்றாக நூலில் கட்டிச் சன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். வகுப்புக்குப் பொதுவாக ஒரு டப்பாவில் சீவிய பென்சில் பத்து இருக்கட்டும். ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ‘இது என்னுது’ என்ற வழக்கே எழாது. காலையில் எண்ணி வைப்பதும் மாலையில் எண்ணி எடுப்பதும் ஒரு பிள்ளையின் வேலை, வாரம் ஒருவர். கிரையானை டப்பாவோடு கொடுக்காமல் நான்கு பேருக்கு ஒரு தட்டில் கொட்டிக் கொடுங்கள். அதில் பச்சையும் சிவப்பும் மட்டும் இரண்டிரண்டு இருக்கட்டும். மரம், பூ, சூரியன் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பது அவற்றைத்தான்.

குழாய் இரண்டுதான் என்றால் நாற்பது பேரையும் ஒன்றாகக் கை கழுவ அனுப்பக் கூடாது. ஆறு ஆறு பேராக அனுப்பி, மற்றவர்கள் உள்ளே பாட்டுப் பாடட்டும். வரிசையின் முதல் இடம் வருகைப் பதிவேட்டின்படி தினம் மாறட்டும், இன்றைய முதல் ஆள் நாளைக்குக் கடைசி. பேர் எழுதிய அட்டையில் ஒரு துணிக் கிளிப்பை நகர்த்திக்கொண்டே வந்தால் ‘என் டர்ன்’ எப்போது வரும் என்று பிள்ளைகளே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளையால் காத்திருக்க முடியாது என்பார்கள். காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் அவர்களால் காத்திருக்க முடியும்.

எல்லாவற்றையும் இப்படி ஒழித்துவிடவும் வேண்டாம். ஒன்றிரண்டு பொருள் பற்றாக்குறையாகவே இருக்கட்டும். கேட்டு வாங்கவும், ‘இப்ப இல்ல, அப்புறம்’ என்று சொல்லவும், அதைப் பொறுக்கவும் பிள்ளைகளுக்கு எங்காவது பழக்கம் வர வேண்டுமே.

கோபம் ‘வருது’

தமிழில் நாம் ‘எனக்குக் கோபம் வருது’ என்கிறோம். பசி வருவது போல, தும்மல் வருவது போல, கோபமும் வருகிறது. வந்தது போகவும் போகும். பிள்ளைக்கும் அதன் கோபத்துக்கும் நடுவில் நம் மொழியே ஓர் இடைவெளி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். “கோபம் வந்துடுச்சா? எங்க வந்திருக்கு, கையிலயா, தொண்டையிலயா?” என்று கேட்டால் பிள்ளை ஒரு கணம் நின்று தன் உடம்பைக் கவனிக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “வந்த கோபம் போயிடுச்சா, இன்னும் இருக்கா?” என்று கேட்கலாம். “நீ கோபக்காரன்” என்று பேர் வைத்துவிட்டால் அந்தக் கோபம் போவதற்கு வழியே இல்லை.

ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையிடம் உணர்ச்சிக்கான சொற்கள் மிகக் குறைவு. வாரம் ஒரு சொல்லாகச் சேர்க்கலாம்: கோபம், வருத்தம், பயம், வெட்கம், பொறாமை, ஏமாற்றம். பிள்ளைகள் வீட்டில் பேசும் சொல்லே வரட்டும். ‘கடுப்பா இருக்கு’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றால் அதுவும் சரியான பதில்தான், திருத்த வேண்டியதில்லை. இந்த ஆறில் எதையாவது விட்டுவிட நேர்ந்தால்கூட ஏமாற்றத்தை விட்டுவிடாதீர்கள். கோபம் போலத் தெரியும் சண்டைகளில் பலவற்றின் உள்ளே இருப்பது அதுதான். டர்ன் வரும் என்று நினைத்தான், மணி அடித்துவிட்டது. பக்கத்தில் உட்காருவாள் என்று இடம் பிடித்து வைத்தான், அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். ‘ஏமாந்துட்ட மாதிரி இருக்கா?’ என்று ஒருமுறை கேட்டதும் ஓங்கிய கை இறங்குவதைப் பார்க்கலாம். பழக்குவதற்குத் தனி நேரம் தேவையில்லை. வருகைப் பதிவில் ‘உள்ளேன் டீச்சர்’ என்பதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொருவரும் அன்றைய மனநிலையை ஒரு சொல்லில் சொல்லட்டும். முப்பது பேருக்கு மூன்று நிமிடம் ஆகும்.

அடுத்தது ஒரு வாக்கியம். அதில் மூன்று துண்டு உண்டு: நடந்தது, எனக்கு வந்தது, எனக்கு வேண்டியது. “நீ கேக்காம ரப்பர எடுத்தப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. கேட்டு வாங்கு.” இவ்வளவுதான். இதைச் சண்டை நடக்கும்போது கற்பிக்க முடியாது. நீச்சலை வெள்ளத்தில் கற்றுத்தர முடியுமா? எல்லாரும் நிதானமாக இருக்கும் காலை வேளையில், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம், ஒரு ஆறு வாரத்துக்குச் செய்யுங்கள்.

கருவி, பழைய சாக்ஸில் பட்டன் தைத்த இரண்டு கைப்பொம்மை. பொம்மைகள் சண்டை போடட்டும், தப்பாகப் பேசட்டும், பிள்ளைகள் திருத்தட்டும். “இப்படிச் சொன்னா அவன் கேப்பானா?” என்று பொம்மையே வகுப்பைக் கேட்கட்டும். நேற்று வகுப்பில் நடந்த உண்மைச் சண்டையை நடித்துக் காட்டவே கூடாது. யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளை கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும்.

இந்த வாக்கியம் இரண்டு இடத்தில் சறுக்கும். முதல் துண்டில் ‘நீ எப்பவுமே இப்படித்தான்’, ‘நீ திருடன்’ என்று வந்துவிடும். “கண்ணால பாத்தத மட்டும் சொல்லு” என்பதை ஒரு விளையாட்டாகவே பழக்குங்கள். ‘திருடுனான்’ என்பது கண்ணால் பார்த்ததா, ‘பையில கை விட்டான்’ என்பது பார்த்ததா? ஆறு வயதில் இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். இன்னொன்று, மூன்றாம் துண்டை மறந்துவிடுவார்கள். அப்போது அது வெறும் புகாராக நின்றுவிடும். “சரி, இப்ப உனக்கு என்ன வேணும்?” என்று எடுத்துக் கொடுங்கள்.

சூடு தணியும் வரை

அழுது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. வந்தாலும் அது பதிலாக இருக்காது. இரண்டு மூன்று நிமிடம் தேவை. சுவரைப் பார்த்து நிற்க வைப்பது தண்டனை, அதில் சூடு ஏறும். ஒரு ஜிகினா பாட்டில் செய்து வையுங்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், கண்ணாடி போன்ற கம் மூன்று மேசைக்கரண்டி, ஜிகினாத் தூள் ஒரு தேக்கரண்டி. குலுக்கிவிட்டு ஜிகினா அடியில் படிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சீக்கிரம் படிந்தால் கம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒன்றரை நிமிடம் மிதந்தால் சரியான பதம். மூடியைப் பிசின் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே பாய் முழுக்க ஜிகினாதான். பாட்டிலை அறிமுகப்படுத்தும்போது எல்லாரும் ஆசை தீரக் குலுக்கட்டும். பொம்மையாக இருக்கும் மோகம் தீர்ந்த பிறகுதான் அது கருவியாகும்.

பாட்டிலுக்கு ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தால் பல வகுப்புகளில் ஏற்கெனவே களங்கள், அதாவது பாட்டு, கதை, படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடங்கள், அமைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் மூலை போதும், அதுதான் சமாதான மூலை. ஆசிரியர் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் பட வேண்டும், வாசலருகே இருக்கக் கூடாது, எப்போதாவது யாரையாவது தண்டனையாக நிற்க வைத்த இடமாக இருக்கவே கூடாது. தரையில் இரண்டு ஜோடிப் பாதம் வரையுங்கள், நேருக்கு நேராக வேண்டாம், கொஞ்சம் சாய்வாக. நேருக்கு நேர் நின்றால் முறைக்கத்தான் தோன்றும். ஸ்லேட்டு அளவில் இரண்டு அட்டை வையுங்கள்: ஒன்றில் வாய், ஒன்றில் காது. வாய் அட்டை வைத்திருப்பவர் பேசுவார், காது அட்டை வைத்திருப்பவர் கேட்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். ‘குறுக்கே பேசாதே’ என்று நாம் பத்து முறை சொல்வதை அந்த அட்டை சொல்லிவிடும்.

ஒரு பச்சை கிரையான்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் உருவான ஹைஸ்கோப் என்ற முன்பருவக் கல்வி முறையில், சண்டையைத் தீர்க்க ஆறு படிகள் சொல்கிறார்கள். அமைதியாக அருகில் போவது, உணர்வை ஏற்றுக்கொள்வது, நடந்ததைக் கேட்பது, பிரச்சினையைத் திருப்பிச் சொல்வது, பிள்ளைகளிடமே யோசனை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது, பிறகும் துணை நிற்பது. இந்த வரிசை நம் வகுப்பறைக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் பச்சை கிரையானின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தூரத்திலிருந்து கத்தாமல் நடந்து போங்கள். இருவருக்கும் நடுவில் தரையில் உட்காருங்கள், கண்மட்டம் ஒன்றாக இருக்கட்டும். அடி விழுந்துகொண்டிருந்தால் முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள்: “அடிக்க விடமாட்டேன்.” காயமிருந்தால் அதைக் கவனிப்பது எல்லாவற்றுக்கும் முன்னால். கடித்துத் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். கிரையானைப் பிடுங்காமல் கை நீட்டுங்கள்: “பேசி முடிக்கிற வரைக்கும் இது என் மடியில இருக்கும். யாருக்கும் இல்லேன்னு ஆகல.” கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் இருவரும் விடமாட்டார்கள்.

“தம்பிக்கு ரொம்பக் கோபம் வந்திருக்கு. பாப்பாவுக்கு அழுகையா வருது.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சமாதானம் சொல்லவோ அறிவுரை சொல்லவோ இது நேரமில்லை. பெருமூச்சு ஒன்று வரும் பாருங்கள், அதன் பிறகு கேளுங்கள்: “என்ன நடந்துச்சு?” ‘ஏன் எடுத்த?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பெரியவர்களே சாக்குத்தான் சொல்கிறோம்.

“நான் மரம் வரைஞ்சிட்டு இருந்தேன் டீச்சர், இவன் புடுங்கிட்டான்.”

“நான் கீழ வச்சிருந்தேன் டீச்சர், இவ எடுத்துட்டா.”

இங்கே யார் சொல்வது சரி என்று தேடத் தோன்றும். தேடாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்: “பாப்பாவுக்கு மரத்துக்குப் பச்சை வேணும். தம்பி கீழ வச்சிட்டு மறுபடி எடுத்துக்கலாம்னு நெனச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் பச்சை வேணும், இருக்கிறது ஒண்ணுதான். இதானே பிரச்சினை?” தலையாட்டுவார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே பிரச்சினையைப் பார்க்கும் நிமிடம் இதுதான். என்னைக் கேட்டால் ஆறு படிகளில் மிக முக்கியமானது இது, மிக அதிகமாகத் தாண்டிப் போகப்படுவதும் இதுதான்.

“இப்ப என்ன செய்யலாம்?” கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும், பிள்ளைகளுக்கு யோசிக்க அவ்வளவு நேரம் வேண்டும். “கடையில இன்னொண்ணு வாங்கலாம்” என்று வரும். சிரிக்க வேண்டாம். “நல்ல யோசனை. இன்னைக்கே வருமா?” “வராது.” “அப்ப இப்போதைக்கு?” “இவ இலைக்கு அடிச்சிட்டுத் தரட்டும்.” “எத்தனை இலை?” “பத்து.” பாப்பா சம்மதித்தால் முடிந்தது. ‘கொஞ்ச நேரம்’ என்பது போதாது. எண்ணவோ பார்க்கவோ முடிகிற அளவு இருக்க வேண்டும், பத்து இலை என்பது போல. கிரையான் அவள் கைக்குப் போகிறது. தம்பி அதுவரை அடிமரத்துக்குப் பழுப்பு அடிப்பான்.

ஐந்து நிமிடம் கழித்து ஒரு நடை போய்ப் பாருங்கள். பாப்பா பதினைந்தாவது இலையில் இருக்கலாம். “பத்து ஆச்சா?” என்ற ஒரு கேள்வி போதும். இந்தக் கடைசி நடையை நாம் விட்டுவிட்டால், வாக்குக் கொடுப்பது வெறும் பேச்சு என்று தம்பி முடிவு கட்டுவான். அடுத்த தடவை பேச உட்கார மாட்டான்.

ஒத்துவரவே இல்லை என்றால்? அதுவும் நடக்கும். “சரி, யோசனை வர்ற வரைக்கும் கிரையான் அலமாரியில இருக்கட்டும். சாப்பிட்டுட்டுப் பேசலாம்.” கோபமில்லாமல் சொல்லுங்கள். பசி தீர்ந்த பிறகு பல வழக்குகள் தானே கலைந்துவிடும்.

‘இதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு’ என்ற கேள்வி நியாயமானது. சட்டப்படியே அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான், ஐந்து வகுப்பையும் அந்த இருவர்தான் பார்க்கிறார்கள். பழகிய பிறகு ஒரு பேச்சுக்கு மூன்று நிமிடம் ஆகும். எல்லாச் சண்டைக்கும் உடனே உட்கார வேண்டியதும் இல்லை. “பாட்டு முடிஞ்சதும் பேசுவோம்” என்று பொருளை வாங்கி வைக்கலாம். ஆனால் சொன்னால் பேச வேண்டும், அன்றைக்கே. முதல் இரண்டு வாரம் புகார்கள் கூடுவதையும் எதிர்பாருங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்ல வருவார்கள். பலர் முறையையே கைவிடுவது இந்த இரண்டு வாரத்தில்தான்.

ஸாரியும் விட்டுக்கொடுத்தலும்

“ஸாரி சொல்லு, கை குடு.” இதைப்போல விரைவான தீர்வு வேறில்லை, இதைப்போலப் பயனற்றதும் வேறில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் ஸாரியில் அடிபட்டவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அடித்தவனோ, ஸாரி என்பது அடிப்பதற்கான கட்டணம் என்று கற்றுக்கொள்கிறான். அதற்குப் பதில் கேளுங்கள்: “இப்ப நீ என்ன செஞ்சா அவனுக்குச் சரியாகும்?” கிழிந்த பக்கத்தைச் செல்லோ டேப் போட்டு ஒட்டித் தரலாம், தள்ளிவிட்ட கட்டைகளைச் சேர்ந்து அடுக்கலாம், விழுந்தவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரலாம். செய்த சேதத்துக்கும் செய்யும் பரிகாரத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நோட்டைக் கிழித்ததற்கு வகுப்பைப் பெருக்கச் சொல்வது தண்டனைதான்.

இதைவிட ஆழமாக வேர் விட்டது இன்னொன்று. ‘விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை’ என்று எத்தனை பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறது! அழகான வாக்கியம்தான். ஆனால் வகுப்பில் யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். “நீ நல்ல பிள்ளைதானே”, “நீ பெரியவன்தானே”, “பொம்பளப் புள்ள இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா” என்று நாம் யாரிடம் சொல்கிறோம்? சொன்னால் கேட்கும் பிள்ளையிடம்தான். சத்தம் போடாத அந்த ஒரே பிள்ளை கிரையானையும் இழக்கிறது, சன்னலோரத்தையும் இழக்கிறது. சத்தம் போட்டால் கிடைக்கும் என்று அடுத்த பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. விட்டுக்கொடுப்பது தானாக மனம் வந்து செய்வது. நாம் கேட்டு வாங்கினால் அது பறித்துக்கொடுப்பது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். ‘எனக்கு வேணும்’ என்று சத்தமில்லாமல், அழாமல், தெளிவாகச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இந்த வயதிலேயே வர வேண்டும்.

சா பூ த்ரீ, காய், பழம்

பிள்ளைகளிடமே நல்ல கருவிகள் இருக்கின்றன. நாம்தான் அவற்றை மைதானத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். யார் முதலில் என்ற சண்டைக்குச் சா பூ த்ரீயைவிடச் சிறந்த நீதிமன்றம் கிடையாது. கையைக் கவிழ்த்தோ மலர்த்தியோ வைத்து, தனித்து நிற்பவர் வெளியே வரும் அந்த ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர்தான் என்றால் பூவா தலையா, அல்லது உள்ளங்கையில் புளியங்கொட்டையை மூடி வைத்து ஒத்தையா ரெட்டையா. இருபது புளியங்கொட்டையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சமாதான மூலையில் வைத்துவிடுங்கள். தோற்றவர் முணுமுணுப்பார், ஆனால் ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆட்டத்துக்கு முன்பே இருவரும் ‘ஒத்துக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். டர்ன், இடம், அணி இவற்றுக்கு இது போதும். மனம் நொந்த விஷயத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அடித்ததற்கும் கேலி செய்ததற்கும் பூவா தலையா போட முடியாது.

‘காய்’ விடுவதையும் நாம் அவசரப்பட்டுத் தடுக்கிறோம். “காய் எல்லாம் விடக் கூடாது, உடனே பழம் சொல்லு” என்று கையைப் பிடித்துச் சேர்த்து வைக்கிறோம். காய் என்பது பிள்ளைகளே கண்டுபிடித்து வைத்திருக்கும் இடைவேளை: உன்னிடம் இப்போது பேசமாட்டேன், ஆனால் அடிக்கவும் மாட்டேன். அதற்கு முடிவும் அவர்களிடமே இருக்கிறது. ஒருவர் பழம் என்று விரல் நீட்டினால் மற்றவர் கௌரவம் குறையாமல் திரும்பி வரலாம். பெரியவர்களிடம் இப்படி ஒரு சடங்கு இல்லையே என்று சில நேரம் ஏக்கமாகக்கூட இருக்கும். இருவருக்குள் இருக்கும் காயை மறுநாள் வரை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் மாலை மணி அடிக்கும் முன்பே பழுத்துவிடும். மறுநாளும் நீடித்தால் தனித்தனியாகக் கேட்கலாம்: “பழம் விட ஆசையா இருக்கா? யாரு முதல்ல சொல்றதுன்னுதான் தயக்கமா?” ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளைக்குக் காய் விட்டால் அது இடைவேளை ஆகாது, ஒதுக்கிவைத்தல். அங்கே நாம் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

பேச்சுக்கு உட்கார வைக்கக் கூடாத இடம்

சமமானவர்களுக்குள் ஒரு பொருளுக்காகவோ இடத்துக்காகவோ வருவது சண்டை. ஒரே பிள்ளையை, திரும்பத் திரும்ப, அதைவிட வலுவானவர்கள் துன்புறுத்துவது சண்டையில் சேராது. அங்கே இருவரையும் தரையில் வரைந்த பாதத்தின் மேல் நிற்க வைத்து ‘நீயும் சொல்லு, நீயும் சொல்லு’ என்றால், அடிபட்ட பிள்ளைக்கு அது இன்னொரு அடி. நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, உடம்பைச் சொல்லிக் கூப்பிடுவது, ‘எங்க பக்கத்துல உக்காராத’, ‘அவ தண்ணிய குடிக்காத’ என்பதெல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஆசிரியரின் முடிவு ஒன்றுதான், உடனே, தெளிவாக: “இந்த வகுப்புல இது கிடையாது.” பிறகு சொன்ன பிள்ளையிடம் தனியாக, எங்கே கேட்டுக்கொண்டு வந்தது என்று விசாரிக்க வேண்டும். ஆறு வயதில் அது வீட்டிலோ தெருவிலோ பொறுக்கிக்கொண்டு வந்த வாக்கியமாகத்தான் இருக்கும்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே சாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. கயிறு கட்டும் வயதுக்கு வெகு முன்பே, யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது ஒன்றாம் வகுப்புப் பாயில் தொடங்கிவிடுகிறது. அதனால் இடத்தைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணச் சொல்லி, ஒரே எண் வந்தவர்கள் ஒரு குழு. சாப்பாட்டு வரிசைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இதே எண்.

இதோடு ஒட்டியது கோள் சொல்லும் பிரச்சினை. “சும்மா கோள் சொல்லாத, போய் உக்காரு” என்று விரட்டினால் அன்றைக்கு நிம்மதி. ஆனால் நாளை ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையிடம் தப்பாக நடந்தாலும் அது சொல்லாது. இரண்டு கேள்வி கற்றுக்கொடுங்கள்: யாருக்காவது அடிபடுமா, யாருக்காவது பயமா இருக்கா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே வந்து சொல்ல வேண்டும், எத்தனை முறையானாலும். இரண்டுமே இல்லை என்றால், “அவன்கிட்ட நேரா சொல்லிட்டியா?” என்று கேட்டு, தேவைப்பட்டால் கூட நடந்து போய் நில்லுங்கள். ஒரே பிள்ளையின் உடம்பில் அடிக்கடி காயம், கை ஓங்கினாலே சுருண்டுகொள்ளும் பழக்கம், விளையாட்டில் திரும்பத் திரும்ப ஒரே வன்முறை என்று தெரிந்தால் அது வகுப்பறையில் தீரும் விஷயம் அல்ல. தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் அம்மா

எவ்வளவு செய்தாலும் மாலை நாலரைக்கு ஒரு குரல் கேட்கும். “அவன் அடிச்சா நீ திருப்பி அடிச்சிட்டு வா, நான் பாத்துக்கறேன்.” பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை, தன் பிள்ளை அடிவாங்கிக்கொண்டே இருந்துவிடுமோ என்ற பயம் அது. ‘திருப்பி அடிக்காதே’ என்று மட்டும் நாம் சொன்னால் பிள்ளையின் கையில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு, இதைச் செய்து காட்டுங்கள்: உள்ளங்கையை முன்னால் நீட்டி, வகுப்பே திரும்பிப் பார்க்கும் குரலில் “நிறுத்து! எனக்குப் பிடிக்கல!” என்பது, ஓரடி பின்னால் நகர்வது, பெரியவர் இருக்கும் பக்கம் நடப்பது. பெற்றோரையே எழுந்து நின்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு குரல் வரும்.

இன்னொரு வேண்டுகோளையும் அதே கூட்டத்தில் வைத்துவிட வேண்டும். வாசலில் அடுத்த வீட்டுப் பிள்ளையை நிறுத்தி ‘ஏன்டா என் புள்ளைய அடிச்ச’ என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரிடம் வர வேண்டும். வீட்டுக்குப் போனதும் “இன்னைக்கு யாரு அடிச்சா?” என்று தொடங்காமல், “இன்னைக்கு யார்கூட விளையாடுன? சண்டை வந்துச்சா? அப்புறம் எப்படிச் சரியாச்சு?” என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் முதல் மாதம் நிறையப் பேர் இருப்பார்கள். “டீச்சர் பாத்துக்கிட்டாங்க” என்பார்கள். “அவன் பத்து இலை அடிச்சிட்டுத் தந்தான்” என்று என்றைக்கு ஒரு வீட்டில் பதில் வருகிறதோ, அன்றைக்கு அந்த அம்மா மறுநாள் வாசலில் நின்று, அது என்ன பத்து இலை என்று விசாரிப்பார்.